கேள்வியை மூடிவிட்டார்களா? ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுக்குப் புதியவர்களுக்கு

புரோகிராமர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் கேள்வியைப் போட்டு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்து பார்த்தால் இடப்பக்கம் மைனஸ் இரண்டு, தலைப்பின் வாலில் ‘குளோஸ்டு’ என்று ஒரு சொல். அடியில் முன்பின் தெரியாத ஒருவர் “டூர் பக்கத்தை (தள அறிமுகத்தை) படியுங்கள்” என்று ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். பதில் மட்டும் இல்லை. அந்தச் சூட்டில் பலரும் செய்வது மூன்று காரியங்கள்: கேள்வியை அழிப்பது, அதையே வேறு தலைப்பில் மறுபடி போடுவது, கமென்ட்டில் சண்டைக்குப் போவது. மூன்றுமே நிலைமையை இன்னும் கெடுக்கும். மூடிய கேள்வியைத் திறக்க வழி இருக்கிறது, அதற்குக் கையில் ஒன்பது நாள் அவகாசமும் இருக்கிறது.

யார் மூடுகிறார்கள், எதற்காக

ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி இருவரும் 2008இல் இதைத் தொடங்கியபோது, கேட்டவருக்கு உதவுவதைப் பாதி வேலையாகத்தான் கருதினார்கள். அடுத்த வருடம் அதே எரரோடு கூகுளில் தேடி வரப்போகும் ஆளுக்கு அந்தப் பக்கம் தயாராக இருக்க வேண்டும் என்பது மீதிப் பாதி. டீக்கடை பெஞ்சில் கேட்கிற கேள்விக்கும் அகராதிக்கு எழுதிக் கொடுக்கிற பதிவுக்கும் உள்ள வித்தியாசம் இது. புதியவர் பெஞ்ச் என்று நினைத்து வந்து உட்காருகிறார். எதிரில் இருப்பவர் கையில் பிழை திருத்தும் பேனா இருக்கிறது. உரசல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

மூடுபவர்கள் நிறுவனத்தின் ஊழியர்கள் அல்ல. 3000 ரெப்யூட்டேஷன் புள்ளிக்கு (பதிவுகளுக்குப் பிறர் போடும் வாக்குகளால் சேரும் மதிப்பு) மேல் சேர்த்த சாதாரண உறுப்பினர்கள். மூன்று பேர் வாக்களித்தால் கேள்வி மூடிவிடும் (2019 வரை ஐந்து பேர் வேண்டியிருந்தது). பெயருக்குப் பக்கத்தில் வைரக் குறி உள்ள மாடரேட்டர் ஒருவரே தனியாக மூடலாம். ஒரு டேகில் (கேள்வி எதைப் பற்றியது என்று காட்டும் குறிச்சொல்) தங்கப் பதக்கம் வாங்கியவர், அந்த டேக் உள்ள கேள்வியை ‘டூப்ளிகேட்’ என்று ஒற்றை ஆளாக மூடலாம்.

மூடுவது என்றால் புதிதாகப் பதில் எழுத முடியாது, அவ்வளவுதான். எடிட் செய்யலாம், கமென்ட் போடலாம், வாக்களிக்கலாம். டவுன்வோட் (கேள்விக்கு எதிராக விழும் மைனஸ் வாக்கு) வேறு, மூடுவது வேறு. இரண்டும் சேர்ந்து வருவதால் ஒரே தண்டனை போலத் தெரிகிறது. ஒரு டவுன்வோட்டுக்கு 2 புள்ளி குறையும், ஆனால் ரெப்யூட்டேஷன் 1க்குக் கீழே இறங்காது. புதியவர் கணக்கு தொடங்குவதே 1இல் என்பதால், முதல் கேள்வியில் அவர் இழப்பதற்குப் புள்ளி என்று எதுவுமே இல்லை.

எந்தக் கேள்வி எந்த வாசலுக்கு

‘ஆஃப் டாபிக்’ என்று மூடப்படுவதில் ஒரு பகுதி நல்ல கேள்விகள்தான், வந்த வாசல் மட்டும் தவறு. தமிழையே வைத்துப் பார்ப்போம்.

“பைத்தானில் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 3 வராமல் 5 வருவது ஏன்?” இது ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுக்கு உரிய கேள்வி. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என யூனிகோடில் ஐந்து குறியீடுகள் இருப்பதுதான் காரணம். கோடு (புரோகிராம் வரிகள்) இருக்கிறது, ஒரே ஒரு சரியான விளக்கமும் இருக்கிறது.

“விண்டோஸில் தமிழ் கீபோர்டை எப்படிச் சேர்ப்பது?” கணினியைப் பயன்படுத்துவது பற்றியது, புரோகிராமிங் இல்லை. இதற்கு சூப்பர் யூசர் என்ற சகோதரத் தளம் இருக்கிறது. உபுண்டுவில் என்றால் ஆஸ்க் உபுண்டு.

“தமிழில் டைப் செய்ய எந்த மென்பொருள் சிறந்தது?” இது இரண்டு இடத்திலும் மூடப்படும். ‘எது சிறந்தது’ என்று கேட்டால் இருபது பேர் இருபது பெயர் சொல்வார்கள், இரண்டு வருடத்தில் பாதிப் பெயர்கள் வழக்கொழியும், விளம்பரக்காரர்களும் நுழைவார்கள். அதற்கென்று இருப்பது சாஃப்ட்வேர் ரெகமெண்டேஷன்ஸ் தளம். அங்கேயும் எந்த இயங்குதளம், என்ன விலை வரை, கட்டாயம் என்னென்ன வசதி வேண்டும் என்று எழுதாமல் போனால் மூடுவார்கள்.

வாசல் மாறிப் போகும்போது ஒரு குழியிலிருந்து இன்னொரு குழியில் விழுகிறவர்களும் உண்டு. கோட் ரிவ்யூ தளம் வேலை செய்கிற கோடுக்கு மட்டும். ஓடாத கோடை அங்கே கொண்டுபோனால் உடனே மூடுவார்கள். சர்வர் ஃபால்ட் தொழில்முறை நிர்வாகிகளுக்கானது, வீட்டு வைஃபை ரவுட்டருக்கு அங்கே இடமில்லை. மேத்ஓவர்ஃப்ளோ கணித ஆராய்ச்சியாளர்களுக்கானது. கல்லூரிக் கணக்கு மேத்தமேட்டிக்ஸ் தளத்துக்குப் போக வேண்டும், அதுவும் கணக்கை மட்டும் படியெடுத்துப் போடாமல், எதுவரை செய்து எங்கே நின்றீர்கள் என்பதோடு. ஒரே கேள்வியை இரண்டு தளத்தில் ஒரே நேரத்தில் போடுவதை எல்லா இடத்திலும் வெறுக்கிறார்கள்: ஓரிடத்தில் பதில் வந்தது தெரியாமல் இன்னோரிடத்தில் ஒருவர் மெனக்கெட்டு எழுதிக்கொண்டிருப்பார்.

தமிழில் எழுதிய கேள்வியும் மூடப்படும். ஆங்கிலம் தவிர ஸ்பானிஷ், போர்ச்சுகீசு, ரஷ்யன், ஜப்பானிய மொழிகளுக்கு மட்டுமே தனி ஸ்டாக் ஓவர்ஃப்ளோ உண்டு. கேள்வியின் வாசகம் ஆங்கிலத்திலும், மாதிரித் தரவு தமிழிலும் இருந்தால் தடையில்லை. இலக்கணப் பிழைகளுக்காக யாரும் மூடுவதில்லை, வேறு யாராவது வந்து திருத்திவிடுவார்கள்.

போடுவதற்கு முன், அந்தத் தளத்தின் உதவிப் பகுதியில் ‘இங்கே எதைப் பற்றிக் கேட்கலாம்’ என்ற பக்கத்தை அன்றைக்கே ஒருமுறை படியுங்கள். விதிகள் மாறிக்கொண்டிருக்கின்றன. தொடக்க வருடங்களில் புத்தகப் பட்டியல், நகைச்சுவை எல்லாம்கூட ஓடின. அவற்றில் சில, ஆயிரக்கணக்கான வாக்குகளோடு பூட்டி வைக்கப்பட்டு இன்னும் கிடக்கின்றன. “அதை மட்டும் எப்படி விட்டீர்கள்?” என்று சுட்டிக்காட்டி வாதாடினால் உங்கள் கேள்வி திறக்காது. அந்தப் பழையது மூடப்படலாம்.

ஒரு கேள்வியைப் பிரித்துப் பார்ப்போம்

புதியவர் ஒருவர் இப்படிக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

தலைப்பு: “பைத்தான் எரர், அவசரம், உதவவும்.” உள்ளே: “டியர் சார், நான் பைத்தானுக்குப் புதிது. கல்லூரி ப்ராஜெக்ட்டுக்காக எக்செல் ஃபைலைப் படிக்கிறேன். எரர் வருகிறது. ஸ்கிரீன்ஷாட் இணைத்துள்ளேன். இதற்கு எந்த லைப்ரரி நல்லது? படிக்க நல்ல புத்தகமும் சொல்லவும். நன்றி.”

மூடுவதற்கு மூன்று காரணங்களை அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். லைப்ரரியும் புத்தகமும் பரிந்துரை கேட்கும் கேள்விகள், அது ஒன்று. இரண்டு மூன்று கேள்விகள் ஒன்றாகக் கலந்திருப்பது அடுத்தது. மூன்றாவதுதான் பெரியது: பிழை கண்டுபிடிக்கத் தேவையான விவரம் எதுவும் இல்லை. 10 புள்ளிக்குக் குறைவானவர் போடும் படம் பக்கத்தில் தெரியாது, வெறும் சுட்டியாகத்தான் நிற்கும். படம் தெரிந்தாலும் அதிலுள்ள கோடை யாரும் காப்பி செய்து ஓட்டிப் பார்க்க முடியாது, தேடலிலும் அது அகப்படாது.

திருத்தம் வெட்டுவதில் தொடங்குகிறது. புத்தகம், லைப்ரரி, சார், நன்றி, அவசரம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மிஞ்சுவது ஒரே விஷயம்: பாண்டாஸில் (அட்டவணைத் தரவைக் கையாளும் பைத்தான் லைப்ரரி) எக்செல் ஃபைலைத் திறந்து ‘மார்க்ஸ்’ என்ற காலத்தை (அட்டவணையின் நெடுவரிசை) கேட்டால் கீஎரர், அதாவது அந்தப் பெயரே இல்லை என்ற எரர், வருகிறது, காலமோ கண்ணுக்கு எதிரே இருக்கிறது. தலைப்பு அதுவாகவே இருக்கட்டும்: “எக்செல்லிலிருந்து படித்த டேட்டாஃப்ரேமில் (பாண்டாஸ் அட்டவணையில்) காலம் இருந்தும் கீஎரர் வருவது ஏன்?”

அடுத்து, பிறர் தங்கள் கணினியில் ஓட்டிப் பார்க்கக்கூடிய மிகச் சிறிய கோடு. இதை அங்கே ‘மினிமல் ரீப்ரொட்யூசிபிள் எக்ஸாம்பிள்’ என்பார்கள். இருநூறு வரி ப்ராஜெக்ட் வேண்டாம், எக்செல் ஃபைலும் வேண்டாம். இரண்டு காலம், மூன்று வரிசைத் தரவைக் கோடுக்குள்ளேயே கையால் டைப் செய்து, அதே காலத்தைக் கேட்டுப் பாருங்கள்.

கையால் டைப் செய்ததும் எரர் வராது. அப்படியானால் குற்றம் கோடில் இல்லை, ஃபைலில் இருக்கிறது. ஃபைலைத் திறந்து காலப் பெயர்களின் பட்டியலை அச்சிட்டுப் பார்த்தால், மேற்கோள் குறிகளுக்கு நடுவே ‘மார்க்ஸ்’ என்பதற்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். எக்செல்லில் யாரோ தலைப்பை அடிக்கும்போது ஸ்பேஸ் பாரைக் கூடுதலாக ஒருமுறை தட்டியிருக்கிறார்கள். காலப் பெயர்களின் ஓர இடைவெளிகளை ஸ்ட்ரிப் செய்தால் (நீக்கினால்) வேலை முடிந்தது. கேள்வியைப் போடவே தேவையில்லாமல் போய்விட்டது.

பாதிக்குப் பாதி இப்படித்தான் முடியும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் “சின்ன உதாரணம் எங்கே?” என்று அந்த ஆட்கள் நச்சரிப்பதற்குக் காரணம் இதுதான். விடை தானாக வராவிட்டாலும், இப்போது உங்கள் கையில் இருப்பதை அப்படியே போடலாம்: கோடு, மூன்று வரிசைத் தரவு, எரர் செய்தி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எழுத்தாக, என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, பைத்தானும் பாண்டாஸும் எந்தப் பதிப்பு. கோடை ஒட்டியபின் அதைக் கோடு வடிவில் காட்டும் பொத்தானை அழுத்த மறக்காதீர்கள். பைத்தானில் இன்டென்டேஷன் (வரித் தொடக்கத்தில் விடும் இடைவெளி) கலைந்தால் அதுவே ஒரு புது எரர்.

மூடிவிட்டார்கள். இப்போது?

முதலில் எதையும் அழிக்காதீர்கள். நீங்களே அழித்த கேள்வியும் உங்கள் கணக்கில் ஒரு தோல்வியாகப் பதிந்துதான் இருக்கும். ஏன் என்று கடைசியில் வருகிறது.

மூடிய கேள்வியின் மேல் ஒரு பெட்டியில் காரணம் எழுதியிருக்கும். கமென்ட்டுகளைவிட அதை நம்புங்கள். ‘டூப்ளிகேட்’ என்றால் அதில் உள்ள பழைய கேள்வியைத் திறந்து, பதிலை உங்கள் கோடில் போட்டுப் பாருங்கள். தீர்ந்தால் விட்டுவிடலாம். டூப்ளிகேட்டாக மூடப்படுவது அவமானம் இல்லை, வேறு சொற்களில் தேடி வருபவருக்கு அது ஒரு கைகாட்டி மரம். தீராவிட்டால், “இந்தப் பதிலை இப்படிச் செய்து பார்த்தேன், இந்த எரர் வந்தது, என் நிலை இதில் வேறுபடுகிறது” என்று கேள்விக்குள்ளேயே எழுத வேண்டும். “இது டூப்ளிகேட் இல்லை” என்ற ஒற்றை வரி எதையும் நகர்த்தாது. ‘ஃபோகஸ்’ போதாது என்றால் கேள்வியை ஒன்றாகக் குறையுங்கள். ‘கருத்து சார்ந்தது’ என்றால் ‘எது சிறந்தது’ என்பதை ‘இந்த நிலையில் இது ஏன் மெதுவாக ஓடுகிறது’ என்பதுபோல அளக்கக்கூடியதாக மாற்ற முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்தக் கேள்விக்கு அங்கே இடமில்லை.

எடிட் செய்து சேமிக்கும்போது, இந்தத் திருத்தம் மூடிய காரணத்தைச் சரிசெய்கிறது, மறுபரிசீலனைக்கு அனுப்பலாம் என்று ஒரு டிக் பெட்டி வரும். டிக் செய்தால் கேள்வி மறுதிறப்பு வரிசைக்குப் போகும். 3000 புள்ளிக்காரர்கள் மூவர் ஒப்புக்கொண்டால் திறந்துவிடும். அதனால் அந்த வாய்ப்பை ஒரு காற்புள்ளித் திருத்தத்தில் வீணாக்காதீர்கள். வேறிடத்தில் எழுதி, முழுதாகச் சரிசெய்து, ஒரே எடிட்டாகப் போடுங்கள்.

ஒன்பது நாள் கணக்கு இதுதான். டூப்ளிகேட் அல்லாத வேறு காரணத்தால் மூடப்பட்டு, மதிப்பெண் பூஜ்யமோ அதற்குக் கீழோ இருந்து, வாக்கு வாங்கிய பதிலோ ஏற்கப்பட்ட பதிலோ இல்லாமல், ஒன்பது நாள் யாரும் தொடாமல் கிடந்தால், நள்ளிரவு துப்புரவு போல ஒரு தானியங்கி நிரல் அதைக் கூட்டித் தள்ளிவிடும். அங்கே அதற்கு ‘ரூம்பா’ (வீடு கூட்டும் ரோபோவின் பெயர்) என்றே செல்லப்பெயர். மூடப்படாவிட்டாலும், மைனஸில் இருந்து பதிலே வராத கேள்வி 30 நாளில் போய்விடும்.

திருத்தும்போது ஓர் எல்லை உண்டு. மூடுவதற்குள் யாராவது பதில் எழுதியிருந்தால், அந்தப் பதில் பொருந்தாமல் போகும்படி கேள்வியையே மாற்றக் கூடாது. இதற்குப் ‘பச்சோந்திக் கேள்வி’ என்று பெயர், பதில் எழுதியவர் பழைய வடிவத்துக்கே திருப்பிவிடுவார். பிரச்சினை வேறாகிவிட்டால் புதுக் கேள்வி போடுங்கள்.

நம் பக்கத்து ஆங்கிலம்

நாம் வகுப்பில் ‘டவுட்’ கேட்டே வளர்ந்தவர்கள். “ஐ ஹேவ் எ டவுட்” என்று எழுதினால், அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ படிப்பவருக்கு நீங்கள் எதையோ நம்ப மறுப்பதாகக் கேட்கும். ‘கொஸ்டின்’ போதும். ‘அர்ஜென்ட்’ என்ற சொல்லுக்கு அங்கே எதிர்விளைவு அதிகம்: இலவசமாக எழுதுபவரை அவசரப்படுத்துவதாக எடுத்துக்கொள்வார்கள். ‘டியர் சார்’ இருந்தால் யாராவது எடிட்டில் வெட்டுவார்கள், ‘தேங்க்ஸ் இன் அட்வான்ஸ்’ என்பதையும் வெட்டுவார்கள். மரியாதையைக் கத்தரித்துவிட்டார்களே என்று மனம் சுருங்கும். பேராசிரியர் வந்து கேட்டாலும் இதே கத்தரிதான். நன்றி சொல்ல விரும்பினால் சரியான பதிலின் பக்கத்திலுள்ள டிக்கை அழுத்துங்கள். எழுதியவருக்கு 15 புள்ளி, உங்களுக்கும் 2.

கமென்ட்டில் வரும் “வெல்கம், டூர் எடுங்கள், சின்ன உதாரணம் சேருங்கள்” போன்றவற்றில் பல, ஏற்கெனவே எழுதி வைத்து ஒட்டப்படும் வாசகங்கள். உங்களைக் குறிவைத்துச் சொன்னதில்லை என்பதால் பதிலுக்கு வாதாட வேண்டாம், கேட்ட விவரத்தைக் கேள்விக்குள் சேர்த்துவிட்டு “சேர்த்துவிட்டேன்” என்று ஒரு வரி போடுங்கள். உங்கள் சொந்தக் கேள்வியின் கீழ் கமென்ட் போடப் புள்ளி தேவையில்லை. பிறர் பதிவில் போட 50 வேண்டும். அதற்காகக் கமென்ட்டைப் பதிலாக எழுதிவிட்டு வாங்கிக்கட்டிக்கொள்பவர்கள் தினமும் உண்டு.

உண்மையிலேயே மரியாதை கெட்டுப் பேசுபவர்களும் இருக்கிறார்கள். இந்தத் தளம் வருபவர்களை வரவேற்பதில்லை என்று அதை நடத்தும் நிறுவனமே 2018 ஏப்ரலில் வெளிப்படையாக எழுதியது. அந்த வருடமே நடத்தை விதிகள் மாறின, புதியவர் பெயருக்குப் பக்கத்தில் கை அசைக்கும் குறியும் வந்தது. அப்படிப்பட்ட கமென்ட்டை 15 புள்ளி இருந்தால் ஃப்ளாக் செய்யலாம் (மாடரேட்டரின் கவனத்துக்குக் கொண்டுபோகலாம்). பதிலடி கொடுத்தீர்கள் என்றால் இரண்டு கமென்ட்டும் சேர்ந்து அழிக்கப்படும்.

2024 ஜூனில் ‘ஸ்டேஜிங் கிரவுண்ட்’ என்ற ஒத்திகை மேடையும் வந்தது. புதியவரின் கேள்வி பொதுவில் போவதற்கு முன் அனுபவசாலிகள் பார்த்து, இதைச் சேருங்கள், அதை வெட்டுங்கள் என்பார்கள். அங்கே டவுன்வோட் கிடையாது. உங்களுக்கு அந்த வாய்ப்பு காட்டப்பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள். கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவே.

தடை

மூடப்பட்ட, டவுன்வோட் வாங்கிய, அழிக்கப்பட்ட கேள்விகள் சில சேர்ந்தால், ஒரு நாள் கேள்விப் பக்கத்தைத் திறக்கும்போது இந்தக் கணக்கிலிருந்து இனிக் கேள்விகளை ஏற்பதில்லை என்று வரும். இதை விதிப்பது நிரல், சூத்திரத்தை வெளியிடுவதில்லை, மாடரேட்டரிடம் கெஞ்சினாலும் அவரால் எடுக்க முடியாது. புதுக் கணக்கு தொடங்கினால் பெரும்பாலும் அதையும் அது கண்டுபிடித்துவிடும்.

வெளியே வர வழி பழைய கேள்விகளில்தான் இருக்கிறது. உங்கள் ப்ரொஃபைலில் மைனஸில் உள்ளவற்றை எடுத்து, மேலே சொன்னபடி ஒவ்வொன்றாகச் சீர் செய்யுங்கள். நீங்களே அழித்தவற்றில் காப்பாற்றக்கூடியவை இருந்தால் மீட்டுத் திருத்துங்கள். ஒரே நாளில் பத்தையும் எடிட் செய்து முதல் பக்கத்தை நிரப்பாமல், ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு போதும். எதுவும் எடுபடவில்லை என்றாலும் ஆறு மாதத்துக்கு ஒரு கேள்வி கேட்க நிரல் அனுமதிக்கும். அந்த ஒரு கேள்வியை மூன்று வரிசைத் தரவோடு எழுதுங்கள்.